வட்டின் ஓரத்து வைத்தியசாலை

ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி வட்டைக் கையில் எடுத்துப் பழகியவர்கள் இன்று நடுவயதைக் கடந்திருப்பார்கள். பனையோலை போல் வளைந்து கொடுக்கும் அந்தக் கறுப்பு உறையின் வலப்புற விளிம்பில், யாரோ கத்தரியால் அளந்து வெட்டியெடுத்தது போல ஒரு சிறு சதுரப் பள்ளம் இருக்கும். வட்டுகள் அடங்கிய பெட்டியிலேயே, அப்பள்ளத்தை மூடுவதற்கென்று விரல்நகத்தளவான ஒட்டுத்தாள்களும் ஒரு பட்டையாக வைக்கப்பட்டிருக்கும். அத்தாள் ஒன்றை உரித்துப் பள்ளத்தின் மீது மடித்து ஒட்டிவிட்டால், யந்திரம் அவ்வட்டில் உள்ளதைப் படிக்குமேயன்றி, அதில் ஓர் எழுத்தையேனும் புதிதாகப் பொறிக்க அதனால் இயலாது. கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் நுழையுமுன் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும் என்ற ஆசாரம் நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் வெகு கண்டிப்பாக அனுஷ்டிக்கப்பட்ட காலம் அது. செருப்போடு வரும் தூசியைக் கண்டு அஞ்சிய அறைக்காவலர்கள் சட்டைப்பையோடு வரும் வட்டைக் கண்டு அஞ்சவில்லை. யந்திரத்தின் புத்தியைக் கலக்கிய வியாதியோ, தூசியின் வழியாக அன்று, சட்டைப்பையின் வழியாகவே வந்து சேர்ந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரைக் காக்கும் மென்பொருள் இன்று மாதச் சந்தாவுக்கும் வருடச் சந்தாவுக்கும் விற்கப்படும் ஒரு பண்டம். அல்லது யந்திரத்தை வாங்கும்போதே அதனுள் குடியிருக்கும் ஓர் அங்கம். அதன் பூர்வோத்தரத்தை ஆராய்ந்து பார்த்தால், அது காவலாகப் பிறக்கவில்லை, வைத்தியமாகப் பிறந்தது என்பது தெளிவாகும். அதுவும் வைத்தியர்கள் தேடிப் போய்க் கண்ட வியாதிக்கு அன்று. தம் கையில் இருந்த வட்டிலேயே வியாதியைக் கண்டு திடுக்கிட்டவர்கள், தம் பொருட்டும் தம் நண்பர் பொருட்டும் இரவு விழித்துக் கண்டுபிடித்த கைவைத்தியமே அது.

வியாதியின் தொடக்கமும் நட்பிலேதான் இருந்தது. 1982-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில், ரிச் ஸ்க்ரென்டா என்னும் பதினைந்து வயதுப் பள்ளி மாணவர் ஆப்பிள்-2 யந்திரத்துக்காக எழுதிய எல்க் குளோனர் என்ற குறும்பு, விளையாட்டு வட்டுகளை அவரிடம் வாங்கிப் பிரதி செய்துகொண்ட தோழர்களின் யந்திரங்களுக்குள் புகுந்து, வட்டிலிருந்து வட்டுக்குத் தாவி, ஐம்பதாவது முறை யந்திரம் இயங்கத் தொடங்கும்போது ஒரு சிறு செய்யுளைத் திரையில் காட்டி நின்றது. மறுவருஷம், 1983 நவம்பரில், தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஃபிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர், இதே குணமுள்ள நிரல் ஒன்றைப் பெரிய யந்திரம் ஒன்றில் முறைப்படி பரீட்சித்துக் காட்டினார். ஐந்து முறை பரீட்சித்தார். ஐந்து முறையும் ஒரு மணி நேரத்துக்குள், ஒரு முறையோ ஐந்து நிமிஷத்துக்கும் குறைந்த பொழுதில், யந்திரத்தின் சகல அதிகாரங்களும் அந்நிரலின் வசமாயின. இதைக் கண்ட நிர்வாகிகள் மேற்கொண்டு பரீட்சிக்க அனுமதி மறுத்துவிட்டார்கள். இந்நிரலுக்கு வைரஸ் என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லெனார்ட் ஏடல்மன். பெயரிலேயே வியாதி புகுந்துவிட்டபடியால், அதற்கு மாற்றாக வரப்போகும் யாவும் மருந்து, தடுப்பூசி, சிகிச்சை என்ற பெயர்களையே பூண்டு வருவது விதியாயிற்று.

வீடுகளிலும் சிற்றலுவலகங்களிலும் ஐபிஎம் வகை யந்திரங்கள் பரவத் தொடங்கிய காலத்தில், அவ்வகைக்கு முதன்முதல் வந்த வைரஸ் 1986-இல் லாகூர் நகரத்தில் பிறந்தது. பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர் இருவர் அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடை நடத்தினார்கள். தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுப் பிரதி செய்வதைக் கண்டுபிடிக்கவே அதை இயற்றியதாகப் பின்னர் சொன்னார்கள். யந்திரம் விழித்தெழுந்ததும் வட்டில் எந்தப் பகுதியை முதலில் படிக்குமோ, அப்பகுதியில் அது அமர்ந்துகொள்ளும்; அங்கே முன்பிருந்ததை வேறிடத்துக்குக் கடத்திவிட்டு, யாரேனும் அப்பகுதியைப் பரிசோதிக்க முற்பட்டால், கடத்தி வைத்த அசலையே எடுத்துக் காட்டி ஏமாற்றும். இத்தனை சாதுரியம் உடைய அந்நிரல் தன் உடம்புக்குள்ளேயே இயற்றியவர்களின் பெயர், கடை விலாசம், தொலைபேசி எண் யாவற்றையும் ஒளிவின்றித் தாங்கி, தடுப்பூசிக்கு எங்களை அணுகுக என்ற கருத்துப்பட ஒரு குறிப்பையும் சுமந்து திரிந்தது! நோயைப் பரப்புகிறவனே வைத்தியசாலைக்கு வழி சொல்லும் இந்த விசித்திரத்தைப் பின்னாளில் வேறு உருவத்தில், நகைக்க இயலாத நிலையில், உலகம் மறுபடியும் காணவிருந்தது.

பிரெயின் என்ற அந்த வைரஸ் கடல் கடந்து போய், 1988-இல் சியோல் நகரத்தில் ஆன் சோல்-சூ என்ற இளம் மருத்துவரின் வட்டில் தலைகாட்டியது. உடலியங்கியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர், விடியலுக்கு முந்திய பொழுதுகளில் கண்விழித்து அமர்ந்து, அந்நிரலைப் பிரித்து ஆராய்ந்து, அதை வட்டிலிருந்து அகற்றும் மாற்றுநிரல் ஒன்றை எழுதினார். மருத்துவர் ஆதலால் அதற்குத் தடுப்பூசி என்ற பொருள்படவே பெயரிட்டு, கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக வழங்கினார். ஏழாண்டுகள் இப்படி இரட்டை வாழ்க்கை நடத்திய பின்னரே, 1995-இல், மருத்துவத்தை விட்டு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். கொரிய மொழியில் இன்றைக்கும் இவ்வகை மென்பொருளுக்குத் தடுப்பூசி என்பதே பெயர்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். வியன்னா என்று பெயர்பெற்ற வைரஸைத் தம் யந்திரத்தில் கண்ட மிரோஸ்லாவ் டிர்ன்கா, பீட்டர் பாஷ்கோ என்ற செக்கோஸ்லோவாகிய இளைஞர் இருவர் 1987-இல் அதற்கு மாற்று எழுதினார்கள். நகரத்தின் ஓரத்தில் உள்ள மருத்துவமனை ஒன்றைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் அந்நாட்டு வீடுதோறும் பார்க்கப்பட்டு வந்தது. அதன் தலைப்பைச் சற்றே மாற்றி, வட்டின் ஓரத்தில் உள்ள மருத்துவமனை என்று பொருள்படத் தம் நிரலுக்குப் பெயர் வைத்தார்கள். அச்சொற்களின் முதலெழுத்துகளே நாட் என்ற பெயராகி, இன்றளவும் உலகச் சந்தையில் விற்பனையாகின்றன. அதே வியன்னா வைரஸை எதிர்கொண்டு பிராகு நகரத்தில் பாவெல் பவுடிஷ் எழுதியது அவாஸ்ட் ஆயிற்று.

மாஸ்கோவில் 1989-ஆம் வருஷத்தில் யூஜீன் காஸ்பர்ஸ்கியின் அலுவலக யந்திரத்துக்கு வந்தது காஸ்கேட் என்ற வைரஸ். அது செய்த சேஷ்டை பார்ப்பதற்கு மிக அழகானது. திரையில் வரிவரியாக நின்ற எழுத்துகள், காற்றில் வேப்பம்பூ உதிர்வது போல ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, திரையின் அடியில் குவியலாய்க் கிடக்கும். அந்த அழகில் மயங்காமல் அதன் குடலைப் பிரித்துப் பார்க்க முற்பட்டவருக்கு வாழ்நாள் தொழிலே அதுவாக அமைந்தது.

இவர்கள் செய்த சிகிச்சையின் சூட்சுமம் யாது என்பதை ஒரு கணம் அருகில் நின்று நோக்குவது நலம். பள்ளி இறுதிச் சான்றிதழில், மாணவனுடைய அங்க அடையாளம் என்ற தலைப்பின்கீழ், வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்தின்மேல் ஒரு தழும்பு என்று தலைமையாசிரியர் எழுதி வைப்பது வழக்கமல்லவா? வைரஸைப் பிரித்தவர்களும் அதையே செய்தார்கள். நல்ல நிரல்கள் எவற்றிலும் காணக்கிடைக்காத, அந்த ஒரு வைரஸுக்கே உரிய, ஒரு சில பைட்டுகள் கொண்ட தொடரைத் தேர்ந்தெடுத்து அதை அடையாளமாகக் குறித்துக்கொண்டார்கள். வட்டில் உள்ள கோப்புகளை வரிசையாகத் திறந்து, அம்மச்சம் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் வைரஸின் உடலை வெட்டியெறிந்து, அது இடம் மாற்றி வைத்திருந்த அசல் துண்டை மறுபடி பழைய இடத்தில் பொருத்தினார்கள். காஸ்கேட் தன் உடம்பை மறையெழுத்தால் போர்த்திக்கொண்டு திரிந்தது. ஆயினும், போர்வையை அவிழ்க்கும் சிறு பகுதியை மட்டும் அதனால் மறைக்க முடியாதாகையால், மச்சத்தை அங்கே தேடினார்கள். இம்முறையின் வலிமையும் குறையும் ஒன்றே. முன்பு பிடிபட்டவனைத் தவறாமல் அடையாளம் காட்டும். முதன்முறை வருகிறவனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பட்டியலில் ஏறிய ஒவ்வொரு மச்சத்துக்கும் பின்னால், அதை முதலில் அனுபவித்து அழுத வீடு ஒன்று உண்டு.

கைவைத்தியம் வர்த்தகமாக மாறியதில் பெரும்பங்கு ஜான் மெக்கஃபீ என்ற அமெரிக்கருடையது. 1987-இல் கலிபோர்னியாவில் தம் வீட்டிலிருந்தபடியே நிறுவனத்தைத் தொடங்கிய அவர், நிரலைத் தொலைபேசிக் கம்பி வழியே எவரும் இறக்கிக்கொள்ள விட்டு, கம்பெனிகளிடம் மட்டும் கட்டணம் வசூலித்தார். வியாபாரத்துக்கு மூலதனம் அச்சமே என்பதை உலகுக்கு உணர்த்திய நாள் 1992 மார்ச் 6. அந்நாளில் விழித்து வன்தட்டின் முற்பகுதியை அழிக்கும் வைரஸ் ஒன்று, ஓவியர் மைக்கலாஞ்சலோவின் பிறந்தநாளோடு பொருந்தியதால் அவர் பெயரைப் பெற்றிருந்தது. ஐம்பது லட்சம் யந்திரங்கள் வரை பாழாகக்கூடும் என்று மெக்கஃபீ கூறியது பத்திரிகைகளில் பரவியது. நாள் கழிந்த பின் எண்ணிப் பார்த்தபோது, சேதமுற்றவை பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடைப்பட்டவையே என்று மதிப்பிட்டார்கள். மருந்து வாங்க வகையற்றவர்களுக்கு அப்போது சொல்லப்பட்ட உபாயம் நமக்கு மிகவும் பரிச்சயமான ஒன்று: அன்றைக்கு யந்திரத்தை இயக்காதிருங்கள், அல்லது முதல்நாளே யந்திரத்தின் கடிகாரத்தை மாற்றி, ஆறாம் தேதி வராமலே ஏழாம் தேதியை வரச் செய்யுங்கள் என்பதே அது. மேல்நாட்டு விஞ்ஞானம் இராகுகாலம் பார்த்து நடந்த நாள் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நம் தேசத்துக் கதை இந்த மைக்கலாஞ்சலோவோடு பிணைந்தது. புணே நகரத்தில் கால்குலேட்டர்களையும் ரேடியோக்களையும் பழுது பார்த்து வந்த கைலாஷ் காட்கர், கம்ப்யூட்டர் பழுதுக்கு மாறியபோது, பழுது என்று வந்த யந்திரங்கள் பலவற்றில் பொருள் கெட்டிருக்கவில்லை, வைரஸே புகுந்திருந்தது என்று கண்டார். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சய் அதற்கு மாற்று எழுதினார். 1990-களின் நடுவில் அது குவிக் ஹீல் என்ற சரக்காயிற்று. அதே பத்தாண்டின் தொடக்கத்தில் நம் சென்னையிலும் ஜெ. கேசவர்த்தனன் கே7 கம்ப்யூட்டிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்; சென்னையில் எழுதப்பட்ட அக்காவல் நிரல் பின்னாளில் ஜப்பானிய வீடுகளிலும் குடியேறியது என்பது தமிழ்நாட்டார் பலரும் அறியாத செய்தி.

வைத்தியம் காவலாக மாறிய காலமும் அதுவே. மச்சத்தைக் கொண்டு தம்மைப் பிடிக்கிறார்கள் என்று அறிந்த வைரஸ் ஆசிரியர்கள், 1990 முதற்கொண்டு, ஒவ்வொரு பிரதியிலும் உருவத்தை மாற்றிக்கொள்ளும் நிரல்களை இயற்றினார்கள். மச்சத்தை அழித்துக்கொண்டு வருகிறவனை முகம் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. நடத்தையைப் பார்த்தே கண்டுகொள்ள வேண்டும். ஆகவே, யந்திரத்துக்குள்ளேயே பொய்யான யந்திரம் ஒன்றைச் சிருஷ்டித்து, சந்தேகத்துக்குரிய நிரலை அதனுள் சிறிது நேரம் ஓடவிட்டு, அது வேஷத்தைக் களையும் தருணத்தில் பிடிக்கும் உபாயம் தோன்றியது. எப்போதாவது ஒருமுறை வட்டைச் சோதிப்பதோடு நில்லாமல், கோப்பு திறக்கப்படும் ஒவ்வொரு தருணத்திலும் வாசலில் நின்று பார்க்கும் காவல்காரனாக அம்மென்பொருள் யந்திரத்தின் நினைவகத்தில் நிரந்தரமாக அமர்ந்தது. காவல்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்க, தீங்கற்ற 68 எழுத்துகள் கொண்ட பொய்த்திருடன் ஒருவனையும் ஐரோப்பிய வல்லுநர் சங்கம் ஒன்று ஏற்படுத்தி வைத்தது. அவ்வெழுத்துகளைக் கோப்பாக எழுதியதும் காவல்காரன் கூச்சலிட வேண்டும், இல்லையேல் அவன் தூங்குகிறான் என்று பொருள்.

ஆனால் குற்றமே செய்யாத காவல்காரன் ஒருவனும் இருக்க முடியாது என்பதைக் கோஹன் 1984-இலேயே தர்க்கபூர்வமாக நிரூபித்திருந்தார். எந்த நிரலைக் காட்டினாலும் இது வைரஸ், இது அன்று என்று தவறாமல் தீர்ப்புச் சொல்லும் பரிசோதகன் ஒருவன் உளன் என்று வைத்துக்கொள்வோம். அப்பரிசோதகனையே தன் வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு, என்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அவனைக் கேட்டு, நல்லவன் என்றால் உடனே தொற்றைப் பரப்பியும், கெட்டவன் என்றால் ஒன்றும் செய்யாமல் சாதுவாக இருந்தும் காட்டும் ஒரு நிரலை எழுதிவிட்டால், பரிசோதகன் எந்த விடையைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும். ஆகையால் அப்படிப்பட்ட பரிசோதகன் இருக்க முடியாது. இந்தத் தொழில் சந்தையில் காலூன்றுவதற்கு முன்பே அதன் எல்லைக்கல்லை நட்டுவிட்ட வாதம் இது. விளம்பரங்களில் மட்டும் அதைக் காண முடிவதில்லை. முழுப் பாதுகாப்பு என்று பெருமை பேசிய விளம்பரங்களுக்குச் சவாலாகவே தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் தம் வைரஸை எழுதியதாகச் சொன்னார்; 1999 ஏப்ரல் 26 அன்று ஆசிய நாடுகள் பலவற்றில் அது வன்தட்டை அழித்ததோடு நில்லாமல், சில யந்திரங்களில் விழித்தெழும் கட்டளையைத் தாங்கிய சில்லையே பாழ்படுத்தி, அவற்றை வெறும் பெட்டியாக்கிவிட்டது.

இணையம் வீட்டுக்குள் வந்த பிறகு வட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் போயிற்று. 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து புறப்பட்ட காதல் கடிதம், தெரிந்தவர் பெயரில் வந்ததாலேயே உலகெங்கும் திறக்கப்பட்டது. சாதாரண எழுத்துக்கோப்பைப் போல் தோன்றிய அதன் பெயருக்குப் பின்னால், இது ஏவினால் ஓடும் நிரல் என்று உணர்த்தும் வால் ஒன்று இருந்தது. விண்டோஸ் அவ்வாலை மறைத்துக் காட்டும் சுபாவம் உடையதாகையால், பலர் கண்ணில் அது படவில்லை. இதே தந்திரத்தை நம் ஊர் டிடிபி கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையை அச்சிடக் கொண்டுபோன பென் டிரைவ் வீட்டுக்குத் திரும்பி வரும்போது, அதனுள் நியூ ஃபோல்டர் என்ற பெயரில், மஞ்சள் நிறக் கோப்புறையின் படத்தைத் தாங்கி, நாம் வைக்காத ஒன்று இருக்கும். உள்ளே என்ன என்று அறியும் ஆவலில் இருமுறை சொடுக்கினால், கோப்புறை திறவாது. அது கோப்புறையே அன்று. அந்தச் சொடுக்கிலேயே வீட்டு யந்திரமும் வியாதிக்கு ஆட்பட்டிருக்கும். லாகூரிலிருந்து புறப்பட்ட ஃபிளாப்பிக்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த பென் டிரைவுக்கும் இடையே இருபது வருஷங்கள் கடந்தும், வியாதி வந்த வழி ஒன்றே: நம்பத்தக்கவன் கை.

2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்ற புழுவுக்கோ அந்தக் கையும் வேண்டியிருக்கவில்லை. எதையும் திறவாமல், எதையும் சொடுக்காமல், யந்திரத்தை இணையத்தோடு இணைத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களின் திரையிலும், அறுபது விநாடிகளில் யந்திரம் நிற்கப்போகிறது என்ற எச்சரிக்கை இறங்குமுகமாக எண்ணத் தொடங்கியது. வாசலில் காவல்காரனை நிறுத்தினால் போதாது, வீட்டைச் சுற்றி மதில் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. மறுவருஷம் எக்ஸ்பி விண்டோஸுக்கு வந்த இரண்டாவது பெருந்திருத்தம், ஃபயர்வால் என்னும் மதிலைக் கேளாமலே எழுப்பித் தந்தது. 2009-இல் மைக்ரோசாஃப்ட் காவல் மென்பொருளை இலவசமாகவே வழங்கியது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது யந்திரத்தோடு கூடப் பிறந்ததாயிற்று. சியோலில் ஒரு மருத்துவர் விடியற்காலையில் இலவசமாகச் செய்த காரியம், கால் நூற்றாண்டு விலைபோன பிறகு, மீண்டும் இலவசமாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு, பழைய விசித்திரம் புது உருவத்தில் திரும்பி வந்தது. நம் தென்மாவட்டங்களில் முற்காலத்தில் துப்புக் கூலி என்று ஒன்று உண்டு. காணாமற்போன மாடு இருக்கும் இடத்தைத் துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்கு, மாட்டுக்காரனிடமே வாங்கப்படும் தொகை அது. கொடுத்தவனுக்கு மாடு திரும்பிற்று. யார் கொண்டுபோனார் என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. 1989 டிசம்பரில் ஜோசஃப் பாப் என்பவர், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் நிரல் என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 வட்டுகளைத் தபாலில் அனுப்பினார். யந்திரம் தொண்ணூறு முறை இயங்கிய பின் அவ்வட்டிலிருந்து வந்த நிரல் கோப்புகளின் பெயர்களை மறையெழுத்தாக்கி, பனாமாவில் உள்ள தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்புமாறு கேட்டது. தபாலில் பணம் கேட்டவர் எளிதில் பிடிபட்டார். மறைநாணயங்கள் வந்த பின்னர், கேட்பவரைக் காண முடியாத துப்புக் கூலி பெருந்தொழிலாக வளர்ந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட யந்திரங்களைப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 300 டாலர் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் ஆகிவிட்டிருந்தது. திருத்தம் வந்த யந்திரங்கள் தப்பின. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடப்பட்டவை அகப்பட்டன. வைத்தியனும் காவல்காரனும் தம் கடமையைச் செய்தாலும், கதவைச் சாத்த வேண்டியவர் வீட்டுக்காரர்தான் என்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

அந்தப் பேரிடரில் கூலி கொடாமல் கோப்புகளை மீட்டவர்களில், கோப்புகளின் பிரதியை வேறொரு தட்டில் எழுதி, அத்தட்டை யந்திரத்திலிருந்து கழற்றி வைத்திருந்தவர்களும் உண்டு. யந்திரத்தோடு இணைந்தே இருந்த பிரதி தட்டுகள், யந்திரத்துக்கு எட்டியபடியால், யந்திரத்தைப் பிடித்தவனுக்கும் எட்டின. அலமாரியில் புடவைகளுக்கு நடுவே கிடந்த தட்டு அவனுக்கு எட்டவில்லை. இதைச் சிந்திக்கும்போது அந்த விரல்நகத்தளவு ஒட்டுத்தாளே மனத்தில் வந்து நிற்கிறது. அது வைரஸை அறியாது, மச்சம் பாராது, நல்லது கெட்டது ஆராயாது. எழுத வரும் கை எதுவாயினும் இவ்விடத்தில் எழுதலாகாது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். நிரலை நிரலால் முற்றும் அறிய முடியாது என்ற கோஹனின் தீர்ப்பு அதைத் தீண்டாது. ஏனெனில் அது நிரலே அன்று. நாற்பதாண்டு வைத்தியமும் காவலும் கற்றுத் தந்த பாடங்கள் அனைத்துக்கும் பிறகு, வாரத்துக்கு ஒருமுறை கோப்புகளைப் பிரதியெடுத்துத் தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துச் சாத்துகிற கிருகஸ்தர் செய்வதும் இதுவேதான்: அவர் அந்தப் பழைய பள்ளத்தின்மேல் மறுபடியும் ஒட்டுத்தாளை ஒட்டுகிறார்.